சிக்னலில் நிற்கும்போது பிக்கப்பின் பிரேக் பெடல் மெல்ல இறங்குகிறது: மாஸ்டரா, பூஸ்டரா?

காசிமேட்டிலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டி ஏற்றும் டீசல் பிக்கப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பின்பக்க வீல் சிலிண்டர் (டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் பாகம்) ஒன்று கசிந்ததால் மாற்றி, லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற ஏர் எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இந்தத் தொல்லை: எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் பிரேக்கில் காலை வைத்தபடி நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறது, காலை எடுத்து மறுபடி மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. ஆயில் குறையவில்லை. மூன்று தடவை ஏர் எடுத்தும் மாறவில்லை. ஒரு மெக்கானிக், மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் என்கிறார், இன்னொருவர் காலுக்குப் பலம் கூட்டும் பூஸ்டர் என்கிறார். எதை மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பொருளும் வாங்காமல், இருவரில் யார் சொல்வது சரி என்று பிரித்துப் பார்க்க முடியுமா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. முடியும். உங்கள் கால், ஹேண்ட் பிரேக், ஒரு மார்க்கர் பேனா, அரை மணி நேரம் போதும். கடைசிச் சோதனைக்கு மட்டும் மெக்கானிக்கின் கை வேண்டும்.

அதற்கு முன் ஒன்று. இந்தப் பெடலோடு லோடு ஏற்றாதீர்கள். மாஸ்டருக்குள் இரண்டு தனித்தனி அறைகள் இருப்பதால் ஒன்று விட்டாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும், உண்மைதான். ஆனால் பெடல் பாதிக்குக் கீழே போன பிறகுதான் நிறுத்தும், நிறுத்தும் தூரமும் நீண்டுவிடும். மீன் நேரத்துக்குப் போக வேண்டும் என்ற அவசரம் புரிகிறது. இரண்டு நாள் வாடகை வண்டி எடுப்பது நல்லது.

பிரேக் ஆயில் அமுங்காத பொருள். மிதித்த கால் ஒரே அழுத்தத்தில் இருக்கும்போது பெடல் நகர்ந்துகொண்டே இருந்தால், ஆயில் எங்கோ போய்க்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். ஒன்று, வெளியே கசிய வேண்டும். அல்லது மாஸ்டருக்குள்ளேயே, பிஸ்டனில் ஆயிலைத் தடுத்து நிற்கும் ரப்பர் கப்பின் உதட்டைத் தாண்டி, வந்த வழியே திரும்ப வேண்டும். லைனில் ஏர் இருந்தால் பெடல் மெத்தென்று இருக்கும், ஆனால் மிதித்த மாத்திரத்தில் அந்தக் காற்று அமுங்கி முடிந்துவிடும். பெடல் தாழ்வாக நிற்கும், நிமிடக் கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்காது. அதனால் நான்காவது முறை ஏர் எடுப்பதில் பயனில்லை. பூஸ்டர் வெறும் காற்றில் வேலை செய்வது. உங்கள் காலுக்குக் கூடுதல் பலம் தருவது மட்டுமே அதன் வேலை, ஆயிலை அது தொடுவதே இல்லை. பூஸ்டர் போனால் பெடல் கல் மாதிரி இறுகும், இறங்காது. ஆகவே பூஸ்டர் என்று சொன்னவரின் கணிப்பு உங்கள் அறிகுறியோடு பொருந்தவில்லை. ஆனாலும் சோதிக்காமல் அதை ஒதுக்க வேண்டாம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஆயில் டப்பாவின் வெளிப்பக்கத்தில் இப்போதைய மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். 'ஆயில் குறையவில்லை' என்பதைக் கண் மதிப்பில் விடக் கூடாது. மாஸ்டரின் பின்பக்க சீல் விட்டால் ஆயில் வெளியே சொட்டாமல் பூஸ்டருக்குள் போய்த் தேங்கும். தரையில் ஒரு துளிகூட இருக்காது, டப்பா மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மாஸ்டரும் பூஸ்டரும் சேரும் இடத்துக்குக் கீழே விரலைத் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தாலோ பூஸ்டரின் பெயிண்ட் அங்கே சுருங்கி உரிந்திருந்தாலோ விஷயம் தெரிந்துவிட்டது. பிரேக் ஆயில் பட்ட பெயிண்ட் நிற்காது.

இப்போது இன்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, பூஸ்டரில் மிச்சமிருக்கும் வாக்குவத்தை (காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடத்தை) தீர்த்துவிடுங்கள். பெடல் இறுகி மேலே நிற்கும். காலை அப்படியே ஒரு நிமிடம் வைத்திருங்கள். இதை இரண்டு விதமாகச் செய்ய வேண்டும்: முதலில் சிக்னலில் நிற்பது போல லேசான அழுத்தம், பிறகு பலமாக. தேய்ந்த ரப்பர் கப் பலத்த அழுத்தத்தில் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், லேசான அழுத்தத்தில்தான் ஆயிலை நழுவவிடும். ஒர்க்‌ஷாப்பில் ஓங்கி மிதித்துப் பார்த்து 'பெடல் நன்றாகத்தானே இருக்கிறது' என்று அனுப்பிவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வண்டி ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போது காட்டாத மாஸ்டர், சூட்டில் ஆயில் இளகியதும் காட்டிக்கொடுக்கும். இன்ஜின் அணைந்த நிலையிலேயே பெடல் இறங்கினால் பூஸ்டருக்கு இதில் பங்கே இல்லை.

அடுத்து பூஸ்டரைச் சோதியுங்கள். காலைப் பெடலில் வைத்துக்கொண்டே இன்ஜினைப் போடுங்கள். பெடல் ஒரு விரல் அளவு கீழே இறங்கி நிற்க வேண்டும். இது கோளாறு இல்லை, பூஸ்டர் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். பலர் இதைப் பார்த்துத்தான் 'பெடல் இறங்குது' என்று பயப்படுகிறார்கள். இறங்கி நின்றுவிட்டால் சரி, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால்தான் சந்தேகம். இன்ஜின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்தபடி இன்ஜினை அணைத்து அரை நிமிடம் காத்திருங்கள். பெடல் அசையாமல் இருக்க வேண்டும். காலை மேலே தள்ளினால் பூஸ்டரின் டயாஃப்ரமோ, வாக்கும் ஹோஸில் இருக்கும் ஒருவழி வால்வோ காற்றை உள்ளே விடுகிறது. இந்த இரண்டிலும் தேறிய பூஸ்டரைக் கழற்ற வேண்டாம்.

மூன்றாவது சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டதும் பெடல் தெளிவாக மேலே வந்து இறுகினால், பின்பக்க டிரம்மில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. ஹேண்ட் பிரேக் ஷூவை முன்கூட்டியே டிரம் அருகில் கொண்டுபோய் வைத்துவிடுவதால் பெடல் தள்ள வேண்டிய ஆயில் குறைகிறது. உங்கள் வண்டியில் வீல் சிலிண்டர் மாற்றும்போது இந்த இடைவெளியை அமைக்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்தியிருப்பார்கள். திரும்ப அமைக்காமல் விட்டிருந்தால் முதல் மிதியில் தாழ்வு, இரண்டாவது மிதியில் மேலே என்று வரும். உங்களுக்கு இருக்கும் 'விட்டு மிதித்தால் மேலே வருகிறது' என்பதில் இதன் பங்கும் இருக்கலாம். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டிரம் பூட்டிக்கொள்ளும் வரை அட்ஜஸ்டரின் பல் சக்கரத்தைத் திருப்பி, பிறகு டிரம் லேசாக உரசிக்கொண்டு சுற்றும் அளவுக்குப் பின்னால் தளர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உரச வேண்டும். தானாக அட்ஜஸ்ட் ஆகும் அமைப்புதானே என்று விடாதீர்கள். மீன் வண்டியில் அந்தப் பல் சக்கரம் துருவேறி நின்றுவிடும். கழற்றும்போது லைனிங்கையும் பார்த்துவிடுங்கள், ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம்.

உங்கள் கதையில் ஒரு முக்கியமான துப்பு இருக்கிறது: பெடல் இறங்க ஆரம்பித்தது ஏர் எடுத்த பிறகு. பழைய மாஸ்டரில் பிஸ்டன் தினமும் ஓடுவது சிலிண்டரின் முதல் பாதியில் மட்டும். மறு பாதியில் ரப்பர் தொடாத சுவர் வருடக்கணக்கில் கசடும் துருவும் பிடித்துக் கிடக்கும். சக்கரத்தில் ஏர் வெளியேறும் நிப்பிளைத் திறந்துவிட்டுப் பெடலைத் தரை வரை 'தொம்' என்று மிதித்து ஏர் எடுக்கும்போது, ரப்பர் கப் அந்தச் சொரசொரப்பில் உரசி உதடு கிழிகிறது. வீல் சிலிண்டருக்குப் போன வண்டி மாஸ்டர் கோளாறோடு திரும்புவதற்கு இது மிகப் பழக்கமான காரணம். உங்கள் வண்டியிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும் என்பது பலமான ஊகம். கழற்றிப் பார்க்கும் வரை ஊகம்தான். இனி யார் ஏர் எடுத்தாலும், பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துப் பாதி தூரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஊகத்தை உறுதியாக்கும் சோதனை மெக்கானிக் செய்ய வேண்டியது. மாஸ்டரிலிருந்து வெளியேறும் இரும்புக் குழாய்களைக் கழற்றி, அந்தத் துளைகளை அதே மறை அளவுள்ள பிளக்கால் அடைத்து, மாஸ்டருக்குள் இருக்கும் ஏரை நீக்கிவிட்டு மிதிக்க வேண்டும். பெடல் மேலேயே பாறை போல நின்றால் மாஸ்டர் நல்லது, தப்பு கீழே எங்கோ. அடைத்த பிறகும் இறங்கினால் மாஸ்டர்தான், வேறு விவாதமே இல்லை. பிளக் கிடைக்காவிட்டால் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கவ்விப் பார்ப்பார்கள். அதற்கென்று உருண்டை வாயுள்ள கவ்வி இருக்கிறது. பல்லுள்ள கிரிப் பிளேயரால் நேராகக் கவ்வினால் ஹோஸின் உள் அடுக்கு கிழியும், சில மாதத்தில் அந்தச் சக்கரம் பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளும். வண்டியில் ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இருந்தால் ஒரு சிக்கல் உண்டு: ஏபிஎஸ் யூனிட்டுக்குள் இருக்கும் வால்வில் தூசி மாட்டினாலும் பெடல் இதே மாதிரி இறங்கும். காலால் மிதித்து மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. பிளக் சோதனைதான் வழி.

மாஸ்டர்தான் என்று முடிவானால் அடுத்த கேள்வி உள் ரப்பர்கள் மட்டும் உள்ள கிட்டா, முழு அசெம்ப்ளியா என்பது. கிட் சில நூறு ரூபாய், அசெம்ப்ளி சில ஆயிரம், ஆகவே ஆசை வரும். மாஸ்டரைக் கழற்றி உள்சுவரைத் துணியால் துடைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். விரல் நகம் எங்காவது மாட்டினால், கருப்புப் புள்ளிப் புள்ளியாகக் குழி இருந்தால், புது ரப்பரும் அதே இடத்தில் சீக்கிரமே கிழியும், அசெம்ப்ளியே போடுங்கள். எமரி தாள் வைத்துத் தேய்த்துக் கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அலுமினிய மாஸ்டரின் உள்சுவரில் மெல்லிய கடினப் பூச்சு இருக்கும், தேய்த்தால் அது போய்விடும். கிட் மாற்றினால் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவக் கூடாது, புது பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் டீசல் தட்டு எப்போதும் பக்கத்திலேயே இருக்கும், கை தானாக அங்கே போகும். பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பிரேக் ரப்பருக்குப் பெட்ரோலியப் பொருள் விஷம். பவர் ஸ்டீயரிங் ஆயிலோ இன்ஜின் ஆயிலோ ஒரு மூடி அளவு டப்பாவில் ஊற்றியிருந்தால்கூட உள்ளே எல்லா ரப்பரும் ஊதிவிடும். டப்பா மூடிக்கு உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் பெருத்து, திரும்பப் பொருந்த மறுத்தால் அதுதான் அறிகுறி. சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, டப்பாவிலிருந்து சில துளி ஆயிலை விட்டுக் கலக்குங்கள். பிரேக் ஆயில் தண்ணீரோடு முழுதாகக் கலந்துவிடும். மேலே வளையம் வளையமாக எண்ணெய்ப் படலம் மிதந்தால் வேறு ஆயில் கலந்திருக்கிறது. அப்படியானால் மாஸ்டர் மட்டும் மாற்றி லாபமில்லை. வீல் சிலிண்டர், முன் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரின் சீல், ஹோஸ் என்று ரப்பர் உள்ள எல்லாமே மாற வேண்டும்.

புது மாஸ்டர் போட்டதும், குழாய்களை இணைக்கும் முன்பே அதற்குள் இருக்கும் ஏரைத் தனியாக எடுக்க வேண்டும். பிறகு சக்கரங்கள்: வலது ஸ்டீயரிங் வண்டியில் மாஸ்டர் வலப்பக்கம் இருப்பதால், பொதுவாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்று தூரத்திலிருந்து கிட்டே வருவார்கள். வண்டியின் மேனுவல் வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. பழைய ஆயில் முழுதும் வெளியேறி நிப்பிளில் தெளிவான ஆயில் வர ஏறத்தாழ ஒரு லிட்டர் செலவாகும். டப்பா மூடியில் ஆயிலின் தரம் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ போட்டிருக்கும், அதையே ஊற்றுங்கள். புது டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. இந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சிய நிலையில் இதே கொதிநிலை 140, 155 என்று இறங்கிவிடுகிறது. மூடி திறந்து பாதி பயன்படுத்திய பழைய டின்னைக் கடற்கரைக் காற்றில் வைத்திருந்து மறு வருடம் ஊற்றக் கூடாது என்பது இதனால்தான். வடசென்னை சமதளம் என்பதால் ஈரமேறிய ஆயில் இங்கே காட்டிக்கொடுக்காது. லோடோடு ஒரு நாள் மலைப் பாதையில் இறங்கும்போது ஆயில் கொதித்து, பெடல் தரையோடு போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆயில் முழுதாக மாற்றுங்கள்.

மீன் வண்டி என்பதால் இன்னும் இரண்டு இடங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் உப்போடு சேர்ந்து பாடியின் இடுக்கு வழியாகச் சேஸ் மீது சொட்டிக்கொண்டே இருக்கும். பின்சக்கரத்துக்குப் போகும் இரும்புக் குழாய் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் சேறு ஒட்டி, கிளிப்புக்கு அடியில் அரித்திருக்கும். ஒவ்வொரு கிளிப்பையும் நெம்பிப் பார்த்து, துரு செதிலாக உரிந்தால் அந்தக் குழாயை முழுதாக மாற்றுங்கள். அரித்த துண்டை மட்டும் வெட்டி, ஏசி செம்புக் குழாய் வைத்து ஒட்டுப் போடுவதை ஏற்கவே ஏற்காதீர்கள். அவசர பிரேக்கில் வரும் அழுத்தத்துக்கு அது செய்யப்பட்டதல்ல. லோடு இறக்கிய பின் தினமும் அடிப்பக்கத்தில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவினாலே குழாயின் ஆயுள் கூடும்.

மற்றொன்று லோடு சென்சிங் வால்வ். சேஸில் பொருத்தி, ஒரு கம்பியாலோ ஸ்பிரிங்காலோ பின் ஆக்ஸிலோடு இணைத்திருப்பார்கள். லோடு ஏறிச் சேஸ் தாழும்போது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடுவதும், காலி வண்டியில் குறைத்துப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பதும் அதன் வேலை. துருப்பிடித்து இறுகினால் பெடல் நன்றாக இருக்கும், லோடு வண்டி நிற்காது. கூடுதல் லோடுக்காகப் பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்த்துப் போட்டிருந்தாலும் இதே நிலைதான்: லோடு ஏறியும் சேஸ் தாழாததால் வண்டி காலி என்றே வால்வ் நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பேட் சீக்கிரம் தீரும். பட்டை சேர்த்திருந்தால் வால்வின் அமைப்பை மேனுவல்படி திரும்ப அளக்கச் சொல்லுங்கள். ஏர் எடுக்கும்போதும் அதன் லீவரை லோடு நிலையில் வைத்து எடுப்பது நல்லது, உள்ளே காற்று தங்காது.

அதே ரோட்டில் ஓடுகிற மற்ற வண்டிக்காரர்கள் இதைப் படித்தால் ஒரு குறிப்பு. பெடல் இறங்காமல் கல்லாக இறுகியிருந்தால் டீசல் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது வாக்கும் பம்ப். பெட்ரோல் இன்ஜின் மாதிரி டீசல் இன்ஜின் தானாக வாக்குவம் தராது; ஆல்டர்னேட்டரின் பின்னாலோ இன்ஜின் தலையிலோ அதற்கென்று பம்ப் இருக்கும். கேஜ் போட்டால் ஐடிலில் 600 மி.மீ. பாதரசத்தை ஒட்டி நிற்பது வழக்கம், 500-க்குக் கீழ் என்றால் பம்ப், ஹோஸ், ஒருவழி வால்வ் மூன்றையும் சந்தேகப்படுங்கள். மிதிக்கும்போது பெடல் துடித்தால் டிஸ்க்கோ டிரம்மோ சமமில்லை. மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரைத் தாண்டிய பிறகு பிடிக்கவில்லை என்றால் லைனிங் நனைந்திருக்கிறது, மெதுவாக ஓட்டிக்கொண்டே லேசாகப் பலமுறை மிதித்தால் காய்ந்துவிடும்.

உங்கள் வண்டி வேலை முடிந்ததும் அதை மெக்கானிக்கிடமிருந்து எடுக்கும் முன் மேலே சொன்ன ஒரு நிமிடச் சோதனையை லேசான காலோடு மறுபடி செய்யுங்கள். காலியிடத்தில் 20 கி.மீ. வேகத்தில் சில முறை நிறுத்திப் பாருங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பத்து கிலோமீட்டர் ஓட்டியபின் நான்கு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொட வேண்டாம். நான்கும் மிகையாகச் சுட்டு, பெடலும் முன்பைவிட உயர்ந்து இறுகியிருந்தால், பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவில் இருக்கும் தள்ளு கம்பி நீளமாக இருக்கிறது: காலை எடுத்த பிறகும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கிறது. அதைச் சரிசெய்யாமல் லோடு ஏற்றினால் வழியிலேயே பிரேக் பிடித்துக்கொள்ளும். டப்பாவில் புது மட்டத்துக்கு நேராக மறுபடி கோடு போட்டு, முதல் லோடுக்குப் பிறகும் மூன்றாம் நாளும் பாருங்கள். கோட்டிலிருந்து இறங்கியிருந்தால் ஆயிலை ஊற்றி நிரப்பாமல் வண்டியை அப்படியே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.